கதை மறைத்த கல்வெட்டு

நாவலைப் படித்துச் சரித்திரம் கற்றோம், படத்தைப் பார்த்துச் சரித்திரம் கற்றோம் என்று மார்தட்டுவோர் தொகை நாட்டிலே பெருகிவிட்டது. கற்றது எது என்று கேட்டால்தான் கலக்கம் பிறக்கிறது! ஆதித்த கரிகாலன் மாண்டது எவ்வாறு? "நந்தினியின் வஞ்சினத்தால்!" என்று வகுப்பே எழுந்து முழங்குகிறது. நந்தினி என்றொருத்தி வாழ்ந்தாள் என்பதற்கு எந்தச் செப்பேடு சான்று, எந்தக் கல்வெட்டுக் கரி? மௌனம்! மாணவர் மட்டுமா? மாணவரைப் பெற்றோரும் மௌனம். மாணவர்க்குக் கற்பிப்போரிலும் சிலர் மௌனம்!

கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. வீடுதோறும் படித்தனர், ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னம் அவர்களின் இரு படங்களாக அக்கதை திரைக்கு வந்தது. ஏட்டிலே படித்தவர் கற்பனையாகக் கொண்டதை, திரையிலே பார்த்தவர் கண்கூடாகக் கொண்டனர். குதிரை ஓடுகிறது, கோட்டை எழுகிறது, குந்தவை பேசுகிறாள். கண் கண்டதைக் கருத்து மறுக்குமா?

நாவலைப் படிக்காதே, படத்தைப் பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. நாமும் படித்தோம், உறக்கம் துறந்து படித்தோம், பூங்குழலியின் படகிலே நாமும் ஏறிச் சென்றோம். சோழர் என்றொரு மரபினர் இம்மண்ணை ஆண்டனர் என்ற நினைவைப் பாமரர் நெஞ்சிலும் பதித்தது அந்நாவல். டில்லி சுல்தான்களின் பட்டியலையும் முகலாயரின் மணிமுடி வரிசையையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தஞ்சையையும் பழையாறையையும் காட்டியது அது. அந்த நன்மையை மறைப்பது நன்றியன்று.

ஆனால், கல் பேசாத இடத்தில் கதை பேசலாம். கல் பேசிய இடத்தில் கதை வாய்பொத்தியிருக்க வேண்டாமா? இதுதான் நம் வழக்கு. வந்தியத்தேவனைப் பாருங்கள். குந்தவையின் கணவன் வல்லவரையர் வந்தியத்தேவன் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுச் சொல்கிறது. அவன் சிரித்த முகத்தினனா, சினந்த முகத்தினனா என்பதை அது சொல்லவில்லை. அங்கே ஆசிரியர் தம் கற்பனைத் தூரிகையை எடுத்தார். உயிருள்ள ஓர் இளைஞனைத் தீட்டினார். வாழ்க அத்தூரிகை! எவர் குறுக்கே நின்றார்?

இளவரசனின் கொலைக்கு வருவோம். அங்கே கல் பேசியிருக்கிறது! காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருக்கிறது. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அக்கல்வெட்டு. 1920-இல் அரசின் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். பின்னர் அச்சிலும் வந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபைக்கு அரசன் அனுப்பிய திருமுகம் அதிலே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனப் பெயர் சொல்லியே சுட்டுகிறது: சோமன், அவன் உடன்பிறந்தானாகிய இரவிதாசன் எனும் பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரன் எனும் இருமுடிச்சோழப் பிரமாதிராசன், மலையனூரான். இவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகள் பற்றிய ஆணை அது. அவர்தம் மனைவியரைப் பிராமணிமார் என்றே குறிக்கிறது அக்கல்.

பிரமாதிராசன் என்பது என்ன பட்டம்? தெருவிலே திரிவோர்க்குத் தரப்பட்டதா? மன்னர்கள் தம் பணியிலிருந்த பார்ப்பன அதிகாரிகளுக்கு வழங்கிய உயர் பட்டம் அது. அவற்றுள் ஒன்றிலே பாண்டியனைக் குறிக்கும் பஞ்சவன் என்ற பெயர். மற்றொன்றிலே சோழனுக்குரிய இருமுடிச்சோழன் என்ற பெயர். அரண்மனை வாயிலிலே பல்லக்கிறங்கியவர்கள், அரசியலின் உள்ளறை அறிந்தவர்கள், சதுர்வேதிமங்கலத்தாரோடு தொடர்புடையவர்கள் என்றன்றோ அக்கல் நமக்கு உணர்த்துகிறது!

நாவலிலே இவர்கள் யார்? இரவிதாசன் மந்திரவாதி! ஆந்தைபோலக் கத்துகிறான், பள்ளிப்படைக் காட்டிலே நள்ளிரவில் கூடுகிறான், பாண்டியனின் ஆபத்துதவிகளுள் ஒருவனாம்! பரமேசுவரனோ தேவராளனாகி வெறியாட்டு ஆடுகிறான்! பட்டம் பெற்ற அதிகாரிகள் ஏட்டிலே ஏறியதும் பில்லி சூனியக்காரர்களாக ஆயினர். படத்திலே வந்ததும் காடுவாழ் கொலைஞர்களாக ஆயினர். பெயரைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பட்டத்தைக் கல்லிலேயே விட்டுவிட்டார்கள்! தற்செயலா இது? பெயரைப் படித்த கண்ணுக்கு அடுத்த சொல் தெரியாமற் போயிற்றா?

"பஞ்சவன் என்ற பட்டம் இருப்பதால் பாண்டியத் தொடர்பு என்று ஊகித்தார், அதிலே குற்றம் என்ன?" என்பர் சிலர். ஊகிக்கட்டும்! ஊகம் அறிஞர்க்கும் உண்டு. நீலகண்ட சாஸ்திரியார், கொலைக்குப்பின் ஆண்ட உத்தம சோழன்மீதே ஐயுற்றார். அவன் காலத்தில் கொலைஞர் தண்டிக்கப்பட்டதற்குச் சான்றில்லையே என்று கேட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமன்மீது பழியில்லை என வாதிட்டார். பின்னர் வந்தோர் கல்வெட்டின் வாசகத்தையே மறுமுறை ஆய்ந்து, ஆணையின் பொருள் வேறு என்றனர். வரலாறு என்பது இப்படித்தான் வழக்காடும். சான்றை மேசைமேல் வைத்துக்கொண்டு வழக்காடும். சான்றிலே பாதியை மடியில் ஒளித்துக்கொண்டு வழக்காடுவதற்கு வேறு பெயர் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் நால்வர் செய்த கொலையை இன்று வாழும் எவர் தலையிலும் சுமத்துவது மடமை. அந்த மடமைக்கு நம் ஏட்டிலே இடமில்லை. நாம் கேட்பது கொலைப் பழியன்று, சமூகக் கணக்கு. சதுர்வேதிமங்கலம் என்ற அமைப்பு எது, அதன் சபைக்கு இருந்த செல்வாக்கு எவ்வளவு, அரசனைச் சூழ்ந்திருந்த அதிகாரிகள் யார், நிலம் எவர் கையில் இருந்தது என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரே கல்வெட்டிலே பின்னிக் கிடக்கின்றன. கதை அவற்றைக் களைந்துவிட்டு ஒரு பெண்ணின் காதலையும் பழியையும் அவ்விடத்தில் நட்டது. நிலத்தின் கதை போயிற்று. நெஞ்சத்தின் கதை வந்தது. அதுவும் யார் தலையில்? இல்லாத ஒரு பெண்ணின் தலையில்! குற்றம் செய்தவர் பெயர் கல்லிலே இருக்க, கூந்தல் நீண்ட ஒருத்தியைக் கொணர்ந்து நிறுத்துவது நம் நாட்டுக் கதைஞர்க்குப் பழகிய வித்தை.

"நாவல் நாவல்தானே! படம் பொழுதுபோக்குத்தானே! இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம்?" என்று இளநகை புரிவோர்க்கு, அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுவோம்.

தாமஸ் டிக்சன் என்பார் 1905-இல் 'தி கிளான்ஸ்மன்' என்றொரு நாவல் எழுதினார். உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கயவர்களாகவும், முகமூடியணிந்து அவர்களை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரை வீரர்களாகவும் தீட்டிய நாவல். அதை 1915-இல் கிரிஃபித் என்ற இயக்குநர் மூன்று மணி நேரப் படமாக்கினார். 'ஒரு நாட்டின் பிறப்பு' எனப் பொருள்படும் பெயரிட்டார். கலையிலே குறை சொல்ல முடியாத படம். படத்தொகுப்பிலும் ஒளிப்பதிவிலும் உலகுக்கே பாடம் புகட்டிய படம்! நஞ்சு பொற்கிண்ணத்தில் வந்தது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே அது காட்டப்பட்டது. வில்சன் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அவர் எழுதிய வரலாற்று நூலிலிருந்தே வாசகங்கள் எடுத்துப் படத்தின் நடுவே எழுத்தாகக் காட்டப்பட்டன. நூலும் நாவலும் படமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்ட கூத்தைக் கண்டீர்களா?

விளைவு? 1860-களில் தோன்றி ஒடுங்கிப்போயிருந்த அக்கூட்டம், 1915 நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையுச்சியில் சிம்மன்ஸ் என்பவர் தலைமையில் மறுபடி பிறந்தது. மலைமேல் சிலுவை ஒன்றைக் கொளுத்தினர். சிலுவை கொளுத்தும் வழக்கம் பழைய கூட்டத்தாருக்கு இருந்ததில்லை! அது டிக்சன் நாவலில் வந்த கற்பனை. அந்தக் கற்பனையும் ஸ்காட்லாந்து மலைவாணரைப் பாடிய வால்டர் ஸ்காட்டிடமிருந்து வந்தது. கவிஞர் பாடினார், நாவலாசிரியர் கடன் வாங்கினார், இயக்குநர் காட்டினார், கொலைஞர் கொளுத்தினர். ஏட்டிலே எரிந்த சிலுவை ஏழைக் கறுப்பர் வீட்டு வாசலிலே எரிந்தது. 1920-களில் அக்கூட்டத்தில் சேர்ந்தோர் பல இலட்சம். இன்னும் சொல்வீர்களா, கதை கதைதானே என்று?

(இதே ஸ்காட்டின் நாவல்கள் தென்னமெரிக்க மாநிலத்தாருக்குப் பொய்யான பிரபுத்துவ மயக்கத்தை ஊட்டிக் கெடுத்தன என்று, 1883-லேயே மார்க் ட்வெயின் சாடினார். சிரிக்க வைத்தே சிந்திக்கச் செய்த அப்பெருமகனுக்கு அந்தக் கோபம் ஏன் வந்தது என்பது இப்போது விளங்குகிறது.)

கறுப்பின மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. ஊர் ஊராகப் படத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். ஆஸ்கார் மிஷோ எனும் கறுப்பினக் கலைஞர் 1920-இல் தாமே ஒரு படமெடுத்து, தம் மக்கள் தூக்கிலிடப்படும் கொடுமையைத் திரையிலே காட்டினார். டூ பாய்ஸ் எனும் பேரறிஞர் 1935-இல் அக்காலத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று யாத்து, வரலாறு எவ்வாறு பிரசாரமாக்கப்பட்டது என்பதைக் கடைசி அத்தியாயத்தில் தோலுரித்துக் காட்டினார். படத்துக்குப் படம், நூலுக்கு நூல்! நமக்கு வழி அதுவே.

சோழர் படத்தையும் அந்தக் கொடிய படத்தையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று எவரும் திரித்துக் கூற வேண்டா. ஒன்று ஒரு மக்களினத்தையே வேட்டையாடத் தூண்டியது. மற்றது நம் மக்களை மகிழ்வித்தது. இரண்டிலும் நாம் காணும் ஒற்றுமை ஒன்றே: சரித்திரக் கதை, தான் காட்டும் காலத்தைவிடத் தான் பிறந்த காலத்தையே நன்றாகக் காட்டும். 1915-இன் படத்திலே 1865 இல்லை, 1915 இருக்கிறது. 1950-இன் நாவலிலே பத்தாம் நூற்றாண்டு சிறிதளவே. அன்னியன் அகன்ற புதிதில், நல்லவர் கையில் நாடு சேராதா, பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பதவியைத் துறந்து தியாகம் செய்யாரோ என்று ஏங்கிய 1950 அதிலே நிறைய இருக்கிறது. அந்தக் கண்ணோடு படித்தால் அதுவும் வரலாற்று ஆவணமே! அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோமா?

கட்டபொம்மன் கதையும் இதுதான். 1798-இல் இராமநாதபுரத்தில் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது உண்மை. இருவரிடையே பூசல் விளைந்ததும் உண்மை. ஆனால் மேடையேறும் மாணவன் மீசை முறுக்கி முழங்கும் அந்த வசனம் 1959-ஆம் ஆண்டுப் படத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. எழுதியவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கட்டபொம்மன் வீரம் குறைந்துவிடுமா? ஓர் எழுத்தாளருக்குரிய புகழ் அவருக்குச் சேரும், அவ்வளவே.

இனி நம் பக்கத்தாரிடம் சில சொல்வோம். கசக்கும், கசக்கட்டும்.

கங்கை கொண்டான், கடாரம் வென்றான் என்று நம் மேடைகளிலும் முழங்கினோம். அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு முன்னோர் வெற்றியைச் சொல்லி நிமிரச் செய்ய வேண்டிய நேரமொன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மன்னர் புகழ் பாடுவதே தமிழர் வரலாறாகிவிடுமா? மூவேந்தரும் யாருக்கு நிலம் தந்தார்கள், யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று பெரியார் கேட்டாரே, அக்கேள்வி எங்கே போயிற்று? படம் வந்தபோது கொட்டகை வாயிலில் சோழன் சோழன் என்று ஆர்ப்பரித்தவர்களிலே நம்மவரும் இருந்தனர்!

தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் போங்கள். விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்தது போதும். சற்றே குனிந்து சுவரையும் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து இராசராசன் கொணர்ந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே வரிசையாக உள்ளன. எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று கணக்குத் தவறாமல் வெட்டியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. இல்லாத நந்தினியின் புருவ நெளிவெல்லாம் நமக்கு மனப்பாடம். இருந்த சேரமங்கையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் மதிப்போடு வாழ்ந்தனர் என்பாரும் உண்டு, கோயிலடிமையே என்பாரும் உண்டு. இரு சாராரும் வாதிடட்டும். அரசன் ஆணையால் நானூறு பெண்கள் தத்தம் ஊர் பெயர்ந்து வந்தனர் என்பதில் வாதமில்லை. அவர்களுள் ஒருத்தியைத் தலைவியாக்கி ஒரு நாவல் எழுதத் தமிழிலே பேனா இல்லையா?

அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டிலே, ஊர் நிலங்களின் அளவைச் சொல்லி, வரி நீக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிடுகிறார்கள். வாய்க்கால், குளம், சுடுகாடு, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி! அரசனின் கணக்கிலேயே அச்சொல் ஏறியிருக்கிறது. பொற்காலம் என்கிறோமே, அந்தப் பொன் எந்தத் தெருவரை சென்றது? படத்திலே தஞ்சைத் தெருவெல்லாம் மலர் தூவுகிறார்கள். அந்தச் சேரியின் பக்கம் மட்டும் படப்பெட்டி திரும்பவேயில்லை.

நாவலால் உண்மையைச் சொல்ல முடியாது என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டா. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை வெளியிட்டார்கள். பள்ளியேறிப் பட்டம் பெற்றவர் அல்லர் அவர். பொட்டுக்கட்டும் கொடுமையை உள்ளிருந்தே கண்டு வெளியே வந்து போராடியவர். அந்நாவலிலே நடை நெளியும், கதை சில இடங்களில் தடுமாறும். கல்கியின் கைத்திறன் அதில் இல்லை. ஆனால் மிராசுதாரும் மைனரும் தரகரும் எப்படி வாழ்ந்தனர், பெண்ணை விலைபேசும் சந்தை எப்படி நடந்தது என்பதை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு அது சுரங்கம். அந்த நாவலும், முத்துலட்சுமி அம்மையாரின் சட்டமன்ற முழக்கமும், ஊர்தோறும் நடந்த கூட்டங்களும் சேர்ந்துதான் 1947-இல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டம் வந்தது. தஞ்சைச் சுவரிலே தொடங்கிய ஒரு கதைக்கு அச்சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டையும் இணைத்துக் காட்டும் படம் இன்னும் வரவில்லை. முதல் போடுவோர் அரண்மனைகளையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைக் கண்டிக்க வேண்டா. படத்தோடு கல்வெட்டையும் கொண்டு செல்லுங்கள். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் படித்து 1890-களிலேயே அச்சேற்றத் தொடங்கிவிட்டார்; நம் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் ஓர் அணாப் புத்தகம் போல அவற்றைத் தர, நூறாண்டுக்கு மேலாகியும் நம்மால் இயலவில்லை. மைசூரிலே கிடந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இல் உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது! படி எங்கே இருந்தால் என்ன என்று கேட்போர், படத்தின் நுழைவுச் சீட்டுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவர்கள்.

சுற்றுலாவென்று பிள்ளைகளை எங்கெங்கோ அழைத்துச் செல்கிறோம். ஒருமுறை சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வழி பிடியுங்கள். நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமேல் வந்து நிற்பானே, அந்த வீரநாராயண ஏரி அங்கேதான் இருக்கிறது. வீராணம் என்கிறோம் இப்போது. ஏரிக்கரை அழகை ஆசிரியர் எவ்வளவு நயமாக எழுதினார் என்பதை அங்கேயே நின்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், கதையிலே வந்தியத்தேவன் திரும்பிப் பாராமல் போன அந்தச் சதுர்வேதிமங்கலத்துக் கோயிலுக்கு, உடையார்குடிக்கு, நடத்தி அழைத்துச் செல்லுங்கள். சுவரண்டை நிறுத்தி, பிரமாதிராசன் என்ற சொல்லைக் கல்லிலே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பழையது, கூட ஒருவர் இருந்து காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே படித்துவிடும்.